பூட்டும் சேர்ந்து போன கதை

என் சைக்கிள் திருடு போனபோது அதன் பூட்டும் கூடவே போய்விட்டது. பூட்டு பைக்குள் இருந்தது. பை சைக்கிளில் இருந்தது.

இதைக் காலை நிகழ்ச்சியில் சொன்னேன். முதலில் அழைத்த நாலைந்து நேயர்கள் சிரித்து முடித்த பிறகுதான் பேசவே ஆரம்பித்தார்கள். “பொல்லாதவன் தனுஷ் மாதிரி தேடிக்கிட்டுப் போயிருக்கணும்” என்றார் ஒருவர். தனுஷுக்கு வெற்றிமாறன் கதை எழுதிக் கொடுத்தார், எனக்கு யார் எழுதித் தருவது? அதன் பிறகு வந்த அழைப்புகள் வேறு மாதிரி இருந்தன. மகனுக்குப் பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்த சைக்கிள், கோயில் வாசலில் நிறுத்தியது. வேலைக்குப் போய்வர இருந்த ஒரே சைக்கிள். டெசாரு கடற்கரையில் குளித்துவிட்டு வந்து பார்த்தால் மரம் மட்டும் நின்றது. எல்லாக் கதையிலும் ஒரே வார்த்தை வந்தது: “செகெஜாப்தாங்க போனேன்.”

செகெஜாப். நம் நாட்டில் அந்தச் சொல்லுக்கு இரண்டு நிமிடம் முதல் இரண்டு மணி நேரம் வரை எந்த அளவும் உண்டு. என்னுடைய செகெஜாப் பத்து பகாட்டைத் தாண்டி மூவார் போகும் சாலையில் நடந்தது.

பள்ளி விடுமுறைக் காலம். நானும், ஆசிரியையாக இருக்கும் ஓர் அக்காவும், அவருடைய தம்பியும். ஜொகூர் பாருவிலிருந்து மூவார் வரை கூட்டரசு சாலை 5 வழியாகப் போவது என்று திட்டம். முதல் நாள் பொந்தியான், ஏறக்குறைய 60 கிலோமீட்டர். இரண்டாம் நாள் பத்து பகாட், 70 கிலோமீட்டர். மூன்றாம் நாள் மூவார், இன்னும் 50. மேடு பள்ளம் இல்லாத சாலை, இரண்டு பக்கமும் தென்னையும் செம்பனையும், நடுநடுவே கம்போங் வீடுகள். புதிதாகச் சைக்கிள் பயணம் போகிறவர்களுக்கு இதைவிட நல்ல சாலை ஜொகூரில் இல்லை என்பது என் கருத்து. லோரிகள் உரசிக்கொண்டு போவதை மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு ஒரு சாலையோர உணவகத்தில் நிறுத்தினோம். அக்காவின் சைக்கிளும் தம்பியின் சைக்கிளும் மேசைக்குப் பக்கத்திலேயே நின்றன. என்னுடையதற்கு இடம் இல்லை. சுவரைச் சுற்றி, கழிவறை இருக்கும் பின்பக்கமாகச் சாய்த்து வைத்தேன். ரொட்டி சானாய் சொல்லியாகிவிட்டது, முகம் கழுவியாகிவிட்டது, மேசையில் உட்கார்ந்து தே தாரேக்கை ஒரு வாய் குடித்தேன். துண்டு எடுக்கலாம் என்று பின்னால் போனேன். ஈரச் சுவரில் கைப்பிடி உரசிய கோடு மட்டும் இருந்தது.

இரண்டு பைகள், மூன்று நாள் துணி, மருந்து, இரண்டு டியூப், பம்ப், சார்ஜர், நான் எழுதிக்கொண்டு வந்த குறிப்பேடு எல்லாம் போயின. அடையாள அட்டையும் கைப்பேசியும் இடுப்புப் பையில் இருந்ததால் தப்பின. தலைக்கவசம் மேசை மேல் இருந்தது. உணவகத்துக்காரர் பாவம், சமையலை விட்டுவிட்டு மோட்டாரில் இரண்டு பக்கமும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். செம்பனைத் தோட்டத்துக்குள் எத்தனை மண்பாதைகள் பிரிகின்றன என்று ஜொகூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

காவல் நிலையத்தில் இருந்த சார்ஜன் தமிழர். பொறுமையாகக் கேட்டார். “என்ன பிராண்டு தங்கச்சி?” சொன்னேன். “நிறம்?” நீலம். “பிரேம் நம்பர்?” அப்படி ஒன்று இருப்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. “சரி, படமாவது இருக்கா?” கைப்பேசியில் நாற்பதுக்கு மேல் படங்கள் இருந்தன. எல்லாவற்றிலும் நான் இருந்தேன். சைக்கிள் எனக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தது. ஒன்றில் மட்டும் முன்சக்கரம் தெரிந்தது. ஊடகத் துறையில் பட்டம் வாங்கியவள் நான். யார், எது, எங்கே, எப்போது என்று கேட்கத்தான் மூன்று வருடம் சொல்லிக் கொடுத்தார்கள். அன்று என் கைவசம் ‘எங்கே’வும் ‘எப்போது’ம் மட்டும்தான் இருந்தன.

தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு லார்க்கினுக்குப் பேருந்து ஏறினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “மோட்டார் எங்கம்மா?” என்று கேட்டார். பதில் சொல்ல வாய் வரவில்லை.

வீட்டு வாசலில் சைக்கிள் திருடு போனால் ஒரு பொருள் போகிறது. பயணத்தின் நடுவே போனால் அன்றைய வீடு, அலமாரி, வாகனம், அடுத்த ஒரு வாரம் எல்லாம் ஒன்றாகப் போய்விடுகின்றன. அதனால்தான் அடுத்த சைக்கிள் வாங்குவதற்கு முன் ஆறு மாதம் இதைப் பற்றியே படித்தேன், விசாரித்தேன், கடைக்காரர்களைத் தொல்லை செய்தேன். அப்படிச் சேர்த்ததையெல்லாம் இங்கே கொட்டுகிறேன்.

பூட்டு தருவது நேரம்தான்

உடைக்க முடியாத பூட்டு கிடையாது. எனக்கு இதை முதலில் புரியவைத்தவர் ஜொகூர் பாருவில் ஒரு சைக்கிள் கடைத் தௌக்கே. நான் கையில் எடுத்த பிளாஸ்டிக் உறை போட்ட கம்பிவடப் பூட்டை வாங்கி, மேசை இழுப்பறையிலிருந்து ஒரு கட்டரை எடுத்து, “வெட்டிக் காட்டவா?” என்றார். அவர் கடைப் பூட்டு என்பதால் வேண்டாம் என்றேன். அந்த ரகப் பூட்டை வெட்ட ஒரு நல்ல கட்டருக்கு சில நொடிகள் போதும். மரத்தில் கட்டிய நாய் போல அது இருக்கிறது என்று பார்ப்பவருக்குத் தெரியும், அவ்வளவுதான்.

‘டி’ எழுத்து வடிவில் வரும் கெட்டி இரும்புப் பூட்டு அடுத்த ரகம். கைக் கட்டருக்கு மசியாது. ஆனால் ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ எடை. பேட்டரியில் ஓடும் கிரைண்டர் கொண்டு வருகிறவனை அதுவும் நெடுநேரம் தடுக்காது. பிரிட்டனில் ‘சோல்ட் செக்யூர்’ என்ற அமைப்பு பூட்டுகளைச் சோதித்து வெண்கலம், வெள்ளி, தங்கம், வைரம் என்று தரம் பிரிக்கிறது. எந்தக் கருவிக்கு எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறது என்பதே அங்கே கணக்கு. நாம் காசு கொடுத்து வாங்குவது நிமிடங்களை.

விலை உயர்ந்தது என்பதற்காகவும் நம்பிவிட முடியாது. அமெரிக்காவின் கிரிப்டோநைட் பூட்டுகளுக்கு உலகம் முழுக்கப் பெயர். 2004 செப்டம்பரில், அந்த நிறுவனத்தின் உருளைச் சாவிப் பூட்டு ஒன்றை ஒரு சாதாரண பிக் பேனாவின் குழாயைச் செருகித் திருகியே திறக்கலாம் என்று ஒரு சைக்கிள்காரர் படம் பிடித்து இணையத்தில் போட்டார். சில நாளில் செய்தி எங்கும் பரவியது. நிறுவனம் பழைய பூட்டுகளை வாங்கிக்கொண்டு இலவசமாக வேறு பூட்டு கொடுக்க வேண்டியதாயிற்று. இன்றைக்கும் யாராவது பழைய உருளைச் சாவிப் பூட்டை மலிவாகத் தந்தால், மேசையில் பேனா இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

பயணம் போகிறவருக்குப் பூட்டின் எடை ஒரு தொல்லை. மூன்று கிலோ சங்கிலியைத் தூக்கிக்கொண்டு கோத்தா திங்கிக்கு மிதித்துப் பாருங்கள், திருடனே கொண்டுபோகட்டும் என்று தோன்றும். இங்கேதான் ஷெல்டன் பிரவுன் எனக்குக் கைகொடுத்தார். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு சைக்கிள் கடையில் வேலை பார்த்த மெக்கானிக், 2008இல் காலமானார். சைக்கிளைப் பற்றி அவர் எழுதி வைத்தவற்றை இன்றும் உலகம் முழுவதும் படிக்கிறார்கள். அவர் சொன்ன வழி: சின்ன டி பூட்டு போதும். இருக்கைக்குக் கீழே பிரேமின் பின்பகுதி ஒரு முக்கோணமாக இருக்கும். அந்த முக்கோணத்துக்கு உள்ளே வரும் பின்சக்கரத்தின் ரிம்மோடு கம்பத்தைச் சேர்த்துப் பூட்டினால், சக்கரத்தை முக்கோணத்திலிருந்து உருவ முடியாது. பிரேமில் பூட்டு தொடாவிட்டாலும் பிரேமும் மாட்டிக்கொள்கிறது. ரிம்மை அறுத்துத்தான் எடுக்க வேண்டும், அறுத்தால் சக்கரம் பாழ். சின்னப் பூட்டு என்பதால் எடையும் குறைவு, கட்டரோ கம்பியோ செருக இடமும் குறைவு. முன்சக்கரத்துக்கு மட்டும் ஒரு மெல்லிய கம்பிவடம்.

கட்டுகிற கம்பமும் முக்கியம். உயரம் குறைந்த கம்பமாக இருந்தால் சைக்கிளை அப்படியே மேலே தூக்கிக் கழற்றிவிடலாம். கம்பி வேலியை வெட்டுவது பூட்டை வெட்டுவதைவிடச் சுலபம். நெம்புகோல் போல ஒரு விரலை நீட்டித் திறக்கும் சக்கர அச்சும் இருக்கைக் குழாயும் திருடனுக்கு நாமே கொடுக்கும் அன்பளிப்பு. சாவி போட்டுத் திருகும் அச்சாக மாற்றிவிடுவது நல்லது. நாங்கள் மூன்று பேர் போகும்போது இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம்: சைக்கிள்களை எதிரும் புதிருமாகச் சாய்த்து, ஒன்றின் முன்சக்கரத்தை அடுத்ததின் பிரேமோடு கட்டுவது. அந்த மூன்று தலை மிருகத்தை யாரும் ஓட்டிக்கொண்டு போக முடியாது. தூக்கிக்கொண்டு போகிறவனுக்கு லோரி வேண்டும்.

முதலில் அதற்கு இடம், பிறகு நமக்கு

பூட்டைவிடப் பெரிய விஷயம், நிறுத்தும் இடம். அன்று நான் செய்த தப்பு பூட்டாமல் விட்டது மட்டும் இல்லை. சைக்கிளைக் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வைத்ததுதான் முதல் தப்பு. மறைவான இடம் பத்திரமான இடம் என்று நமக்கு ஒரு நினைப்பு இருக்கிறது. மறைவு திருடனுக்குத்தான் உதவும். பூட்டை அறுக்கிறவனை யாராவது பார்க்க வேண்டும், பார்க்கக்கூடும் என்ற பயமாவது அவனுக்கு இருக்க வேண்டும்.

பெட்ரோல் நிலையத்தில் கழிவறைப் பக்கம் வைக்காதீர்கள். காசு வாங்குகிறவர் உட்கார்ந்திருக்கும் கண்ணாடிக்கு முன்னால் வையுங்கள். கேமராவும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். மாமாக் கடையில் மேசை பிடிப்பதற்கு முன் சைக்கிளுக்கு இடம் பிடியுங்கள். கிடைக்காவிட்டால் அடுத்த கடை. ஜொகூரில் அடுத்த மாமாக் கடைக்கு நீண்ட தூரம் போக வேண்டியிருக்காது. கோயிலில் செருப்பு வைக்கும் இடத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருப்பார், அவரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். ஜொகூர் பாரு ராஜகாளியம்மன் கண்ணாடிக் கோயிலுக்குள் போய்விட்டால் சாலையில் என்ன நடக்கிறது என்று தெரியாது. உள்ளே பார்க்க அவ்வளவு இருக்கிறது. நாங்கள் முறை வைத்துப் போனோம். ஒருவர் வாசலில், இரண்டு பேர் உள்ளே. அம்மன் கோபித்துக்கொள்ளவில்லை.

சனி, ஞாயிறுகளில் சிங்கப்பூர்ச் சைக்கிள்காரர்கள் சாங்கி முனையிலிருந்து பெங்கராங்குக்குப் படகில் வருவதைப் பார்த்திருப்பீர்கள். பன்னிரண்டு பேர் சேர்ந்ததும் கிளம்பும் சின்னப் படகு. சைக்கிளுக்குத் தனியாகக் காசு. சைக்கிள்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்த்து அடுக்கிவிடுவார்கள். இறங்கும்போது ஒரே மாதிரி நாலு சைக்கிள் இருந்தால் மாறிப்போவதும் உண்டு. அதைத் திருட்டு என்று சொல்ல முடியாது, ஆனாலும் கைப்பிடியில் ஒரு சிவப்புத் துணி கட்டி வைப்பதில் நட்டம் இல்லை. அங்கிருந்து அவர்கள் நேராக டெசாருவுக்கு மிதிக்கிறார்கள். கடற்கரைதான் மிகவும் மோசமான இடம். கடலுக்குள் நிற்கிறவர் கரைக்கு ஓடி வருவதற்குள் எதுவும் நடக்கலாம் என்பது திருடனுக்கு நன்றாகத் தெரியும். மணலில் கட்டுவதற்குக் கம்பமும் இருக்காது. குளிக்க வேண்டும் என்றால் தங்குமிடத்தில் சைக்கிளை வைத்துவிட்டு நடந்து போங்கள்.

மெர்சிங் வேறு ஒரு சிக்கல். தியோமான் தீவுக்குப் படகு ஏற வேண்டும், இரண்டு மூன்று நாள் சைக்கிளை எங்கே விடுவது? படகுத் துறைக்கு அருகில் கார்களுக்குக் கட்டண நிறுத்துமிடங்கள் உண்டு. ஆனால் திறந்த வெளியில் மூன்று இரவு நிற்கும் சைக்கிள் ‘கேட்பாரற்றது’ என்று தானே விளம்பரம் செய்துகொள்ளும். எனக்கு ஓர் அக்கா சொல்லிக் கொடுத்த தந்திரம் இது: தீவுக்குப் போவதற்கு முந்திய இரவு மெர்சிங்கில் ஒரு தங்குவிடுதியில் தங்குங்கள். திரும்பி வரும் இரவுக்கும் அதே விடுதியில் அப்போதே பணம் கட்டிவிடுங்கள். திரும்பி வரப்போகிற வாடிக்கையாளரின் சைக்கிளை உள்ளே வைத்துப் பார்த்துக்கொள்ள யாரும் மறுப்பதில்லை.

ஓடும்போதும் கவனம் தேவை. கைப்பிடியில் மாட்டிய கைப்பேசியும், தோளில் சாலைப் பக்கமாகத் தொங்கும் பையும் மோட்டாரில் வந்து பறிப்பவர்களுக்கு எட்டும் தூரம். பறிப்பதில் போகும் பொருளைவிட, இழுபட்டு விழுவதுதான் ஆபத்து. அதனால் பையைத் தோளில் போடுவதை நான் நிறுத்திவிட்டேன்.

தாத்தா கழற்றிய சக்கரம்

இந்த நாட்டு வரலாற்றில் சைக்கிள்கள் மொத்தமாகப் பறிபோன காலம் ஒன்று உண்டு. 1941 டிசம்பர் 8 அன்று ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. ஒவ்வொரு டிவிஷனுக்கும் ஏறக்குறைய 6,000 சைக்கிள்கள் என்று கணக்குப் போட்டுத் திட்டமிட்டதாக, அந்தப் படையெடுப்புக்குத் திட்டம் வகுத்த கர்னல் சுஜி மசனோபு பிற்பாடு எழுதினார். அது போக, வழியில் கடைகளிலிருந்தும் வீடுகளிலிருந்தும் கிடைத்ததையெல்லாம் எடுத்துக்கொண்டார்கள். போருக்கு முன்பே ஜப்பான் தயாரித்த சைக்கிள்கள் மலாயாவில் நிறைய விற்றிருந்ததால் உதிரிப் பாகத்துக்கும் பஞ்சமில்லை. டயர் வெடித்தால் வெறும் ரிம்மிலேயே ஓட்டினார்கள். இரவில் அந்தச் சத்தம் கேட்டவர்கள் டாங்கி வருகிறது என்று நினைத்தார்களாம். 1942 ஜனவரி 14 அன்று, ஜொகூர் எல்லைக்குப் பக்கத்தில் கெமாஸ் அருகே கெமெஞ்சே பாலத்தில் ஆஸ்திரேலிய வீரர்கள் பதுங்கியிருந்து தாக்கியதும் சைக்கிளில் வந்த படையைத்தான். ஜனவரி 31இல் பிரிட்டிஷ் தரப்பின் கடைசி வீரர்கள் ஜொகூர் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்குள் போனார்கள், பாலம் வெடிவைத்து உடைக்கப்பட்டது.

எங்கள் தாத்தா அப்போது ரெங்கம் பக்கம் ஒரு தோட்டத்தில் பால் மரம் வெட்டிக்கொண்டிருந்தார். ஒரு சைக்கிள் வைத்திருந்தார், லயத்தில் மூன்றோ நாலோ பேரிடம்தான் இருந்ததாம். ஜப்பான்காரன் வருகிறான் என்று தெரிந்ததும் சைக்கிளை ஒளித்து வைக்க இடம் தேடவில்லை. இரண்டு சக்கரத்தையும் கழற்றினார். ஒன்றைக் கூரைக்குள் செருகினார், இன்னொன்றைப் பக்கத்து லயத்தில் கொடுத்தார். பிரேமைக் கோழிக்கூட்டுக்கு முட்டுக் கொடுத்தார். வந்தவர்கள் கோழியைப் பிடித்துக்கொண்டு போனார்கள், கூட்டை விட்டுவிட்டார்கள். பாட்டி இதைச் சொல்லும்போதெல்லாம் கோழிக்குத்தான் வருத்தப்படுவார்.

தாத்தாவின் வழி இன்றைக்கும் எனக்கு உதவுகிறது. உடனே ஏறி ஓட்டிக்கொண்டு போக முடியாத சைக்கிள் பாதி பத்திரம். இரவில் கீழ்த்தளத்தில்தான் வைக்க வேண்டும் என்று விடுதிக்காரர் பிடிவாதம் பிடித்தால், முன்சக்கரத்தைக் கழற்றி அறைக்கு எடுத்துக்கொண்டு போய்விடுகிறேன். கடைசி ஆயுதம் அது. முதலில் செய்வது, அறை எடுக்கும் முன்பே தொலைபேசியில் கேட்டுவிடுவது: “சைக்கிளை அறைக்குள் கொண்டு வரலாமா?” நம் சிறுநகரங்களில் கடைவீட்டு மாடியில் இருக்கும் மலிவு விடுதிகளில் மின்தூக்கி இருக்காது, படியில் தூக்க வேண்டும். தூக்குங்கள். டயரைத் துடைத்துவிட்டு, அடியில் பழைய நாளிதழை விரித்து வைத்தால் விடுதிக்காரரின் முகம் மாறுவதைப் பார்க்கலாம். (படித்து முடித்த நாளிதழ் என்று சொன்னேன். இந்த மலரை விரித்துவிடாதீர்கள்.)

கூடாரம் போட்டுத் தங்குகிறவர்கள் சைக்கிளைக் கூடாரத்தோடு கயிறு போட்டுக் கட்டி, அந்தக் கயிற்றில் ஓர் எவர்சில்வர் டம்ளரையும் கரண்டியையும் தொங்கவிடுவார்கள். அசைந்தால் சத்தம் வரும். காற்றடித்தாலும் வரும், தூக்கம் போகும். ஆனால் சைக்கிள் இருக்கும்.

நம்பரைப் புரட்டிப் பாருங்கள்

இந்தக் கட்டுரையை நிறுத்திவிட்டு ஒரு வேலை செய்ய முடியுமானால், உங்கள் சைக்கிளைத் தலைகீழாகப் புரட்டுங்கள். பெடல் அச்சு போகும் உருளைக்கு அடியில் எண்ணும் எழுத்துமாக ஒரு வரி பதிந்திருக்கும். சில சைக்கிள்களில் இருக்கைக் குழாயிலோ முன்பக்கக் கழுத்திலோ இருக்கும். மண் அப்பியிருந்தால் துடைத்துவிட்டுப் படம் எடுங்கள். முழு சைக்கிளையும் பக்கவாட்டில் ஒரு படம், கீறல்கள், ஒட்டிய ஸ்டிக்கர்கள் தெரிய இன்னொன்று, வாங்கிய ரசீது ஒன்று. எல்லாவற்றையும் உங்களுக்கே மின்னஞ்சலில் அனுப்பி வையுங்கள். கைப்பேசியும் சேர்ந்து போனால் என்ன செய்வது?

அந்த நம்பர் இல்லாத புகார், ‘நீல நிற சைக்கிள் ஒன்றைக் காணோம்’ என்பதோடு நின்றுவிடும். நாளைக்கே போலீஸ் ஒரு பழைய இரும்புக் கடையில் பத்துச் சைக்கிள்களைப் பிடித்தாலும், அதில் ஒன்று என்னுடையது என்று நான் எப்படி நிரூபிப்பது? நம் முன்னோர் காலத்தில் சைக்கிளுக்கும் லைசன்ஸ் தகடு இருந்தது. ஊராட்சி மன்றத்தில் பணம் கட்டி, ஆண்டு பொறித்த தகட்டை வாங்கி மாட்டினார்கள். தகடு இல்லாமல் பிடிபட்டு அபராதம் கட்டிய கதை எல்லா வீட்டுப் பெரியவர்களிடமும் இருக்கும். அன்று எரிச்சலாக இருந்த அந்தத் தகட்டில் ஒரு பலன் இருந்திருக்கிறது. ஜப்பானில் 1994 முதல் ஒவ்வொரு சைக்கிளையும் திருட்டுத் தடுப்புப் பதிவேட்டில் பதிவது கட்டாயம். போலீஸ்காரர் வழியில் நிறுத்தி ஸ்டிக்கரைப் பார்த்து உரிமையாளர் யார் என்று சரிபார்க்க முடியும். இங்கே அந்த வேலையை நாமே செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

திருடு போய்விட்டால், எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். சம்பவம் நடந்த இடத்தைத் தேடிப் போக வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் சீக்கிரம் போங்கள், புகார் நகலை வாங்கிக்கொள்ளுங்கள். பயணக் காப்புறுதி வைத்திருக்கிறவர்களுக்கு அந்த நகல் இல்லாமல் ஒரு காசு வராது. குற்றவியல் சட்டத்தில் மோட்டார் வாகனத் திருட்டுக்கு 379ஏ என்று தனிப் பிரிவே இருக்கிறது. சைக்கிள் அதில் வராது, கோழி திருடியவனுக்கும் சட்டை திருடியவனுக்கும் உள்ள அதே 379தான். திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்குகிறவரைப் பிடிக்க 411 இருக்கிறது. ஐயாயிரம் ரிங்கிட் சைக்கிளை ஐந்நூறுக்கு யாராவது தருகிறார் என்றால், ரசீதும் பிரேம் நம்பரும் கேளுங்கள். தராவிட்டால் வாங்காதீர்கள். அது என்னுடையதாகக் கூட இருக்கலாம்.

ஏர்டேக் போன்ற சின்ன வில்லைகளைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். 2021இல் அது வந்தபோது நானும் இதோடு கவலை விட்டது என்று நினைத்தேன். இருக்கைக்கு அடியில் ஒளித்து வைக்கலாம். ஆனால் அது தானாக எங்கிருக்கிறது என்று சொல்வதில்லை. பக்கத்தில் போகும் ஐபோன்கள்தான் அதைக் கண்டு தகவல் அனுப்புகின்றன. ஜொகூர் பாரு நகரத்துக்குள் நன்றாக வேலை செய்யும். கஹாங் பக்கம் செம்பனைத் தோட்டத்து மண்பாதையில், ஐபோன் வைத்திருக்கிற யாராவது நடந்து போகும் வரை அது ஊமை. இன்னொன்று, தெரியாத ஏர்டேக் ஒன்று கூடவே வருகிறது என்று திருடனின் ஐபோனுக்கும் எச்சரிக்கை போகும். யாரையும் ஒளிந்திருந்து பின்தொடரக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது, நியாயம்தான். கைப்பேசியில் சைக்கிள் இருக்கும் இடம் தெரிந்தால் அதைக் காவல் துறையிடம் காட்டுங்கள். நீங்களே கதவைத் தட்டப் போகாதீர்கள். தனுஷ் படம் வேறு.

ஹைன்ஸ் ஸ்டூக்கே என்ற ஜெர்மானியரைப் பற்றிப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. 1962இல் சைக்கிளில் கிளம்பியவர், ஐம்பது வருடம் உலகத்தைச் சுற்றினார். ஆறு லட்சம் கிலோமீட்டருக்கு மேல். ஆப்பிரிக்காவில் காலில் குண்டடி பட்டிருக்கிறார். அவருடைய சைக்கிளும் பல முறை திருடு போயிருக்கிறது. 2006இல் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத்தில் கப்பலிலிருந்து இறங்கிய கையோடு போய்விட்டது. செய்தி ஊரெல்லாம் பரவி, திரும்பக் கிடைத்தது. அத்தனை வருட அனுபவம் உள்ள மனிதருக்கே நடக்கிறது. அவர் சைக்கிளை எல்லோருக்கும் தெரியும் என்பதுதான் அதைக் காப்பாற்றியது. நம் சைக்கிளை யாருக்குத் தெரியும்? குறைந்தபட்சம் அது நிற்கிற இடத்தில் இருக்கிற ஒருவருக்காவது தெரிய வேண்டும். அதனால் இப்போது எங்கே நிறுத்தினாலும் பக்கத்தில் இருப்பவரிடம் பேசிவிடுகிறேன். “அண்ணே, கொஞ்சம் பார்த்துக்குங்க”, “மக்சிக், தோலோங் தெங்கோக் செகெஜாப்.” எங்கிருந்து வருகிறாய், எவ்வளவு தூரம், தனியாகவா, கல்யாணம் ஆகிவிட்டதா என்று நாலு கேள்வி வரும். பதில் சொன்னால் போதும், அந்த மனிதர் சைக்கிளை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டார்.

போன மாதம் புதிய சைக்கிளில் அதே சாலையில் போனேன். விட்ட இடத்திலிருந்து மூவார் வரை அந்தப் பயணத்தை முடிக்க வேண்டும் என்று ஒரு பிடிவாதம். அதே உணவகம். சைக்கிளை மேசைக்குப் பக்கத்தில், சாலைக்கு எதிரில், தூணோடு சேர்த்து ஷெல்டன் பிரவுன் சொன்னபடி பூட்டினேன். ரொட்டி சானாய் தட்டிக்கொண்டிருந்த உணவகத்துக்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். கையைத் துடைத்துக்கொண்டு வந்து பூட்டை ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தார். திருப்தியாகத் தலையை ஆட்டினார். ஒரு முக்காலியை எடுத்து வந்து சைக்கிளுக்குப் பக்கத்தில் போட்டு, கடைப் பையனை அதில் உட்காரச் சொன்னார்.

சாப்பிட்டு முடித்துக் கிளம்பும் நேரம் இடுப்புப் பையைத் துழாவினேன்.

“என்னம்மா தேடுறீங்க?”

“சாவிண்ணே.”

சாவி கைப்பிடிப் பைக்குள் இருந்தது. பை சைக்கிளில் இருந்தது.